அப்பாவின் கையில் உல்லன் நூல்

உங்களில் யாருடைய அப்பாவாவது ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாரா? பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி அவரவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஒருவர் தன் அப்பா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்ததைச் சொல்வார். இன்னொருவர், அரியலூர் வரைக்கும் சைக்கிள் மிதித்துப்போய் ரயிலைப் பிடித்த அப்பாவைச் சொல்வார். என் முறை வரும்போது, எங்கள் அப்பா பின்னல் போட்டார் என்பேன். சிரிப்பீர்கள். சிரித்து முடித்ததும் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லி நானும் குழம்பி உங்களையும் குழப்பிவிடுகிறேன். இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

குன்னத்துக்கு அருகே, மழையை நம்பிப் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற ஊர் எங்களுடையது. அப்பா பட்டாளத்தில் இருந்தார். எப்போதாவது லீவில் வருவார். வந்தால் வீடு முழுக்க பூட்ஸ் பாலிஷ் வாசனை அடிக்கும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், லீவு என்று எதுவும் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்த கூலியாள் முன்னே நடக்க வந்து சேர்ந்தார்.

“போதும்னு வந்துட்டேன்” என்றார். “இனிமே இங்கதான்.”

தம்பி பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா அவனை அதுவரை பார்த்ததில்லை. அம்மா வாசலிலேயே குழந்தையை நீட்டினாள். அப்பா குனிந்து அவன் நெற்றியை முகர்ந்தார். கை நீட்டி வாங்கவில்லை. “ரயில் அழுக்கு. அப்புறம் தூக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குளித்துவிட்டு வந்த பிறகும் தூக்கவில்லை. மறுநாளும் தூக்கவில்லை. தம்பி அழுதால் கூடப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாக்கைச் சுழற்றி விளையாட்டுக் காட்டுவாரே தவிர, கைகள் இரண்டும் துண்டுக்குள்ளேயே இருக்கும்.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. சோற்றைக் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டார். பட்டாளத்துப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டோம். சட்டை போடுவதையே விட்டுவிட்டு பனியனோடு திரிந்தார். குளிர் நாட்டில் இருந்தவருக்கு நம்மூர் சூடு தாங்கவில்லை என்றோம். மாட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் காதில் விழாததுபோல் நகர்ந்தார். அதற்கு மட்டும் எங்களிடம் காரணம் இல்லை. “உங்கப்பாரு தொரை ஆயிட்டாரு” என்று அம்மா சிரித்தாள். சிரித்தபடியே போய் அவளே அவிழ்த்தாள்.

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒருநாள் அவர் இரண்டு நீளமான இரும்பு ஊசிகளையும் ஒரு பச்சை உல்லன் நூல் உருண்டையையும் எடுத்தார். கொல்லையில் வேலியோரம் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். நான் எதிரில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வாய் எங்களைத் திட்டும், கண் ஜன்னலுக்கு வெளியே போகும், ஊசிகள் தம் பாட்டுக்கு ஓடும். அப்பா அப்படி இல்லை. கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே மாட்டார். ஒவ்வொரு கண்ணியையும் முறைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். பாம்பைக் குச்சியால் தள்ளுகிறவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

“யாருக்குப்பா?”

“யாருக்கும் இல்ல கண்ணு.”

“பின்ன என்னாது இது?”

“பின்னல்.”

அது உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டையாக வளர்ந்தது. போகப் போக அகன்றது, பிறகு ஒடுங்கியது. முழங்கை நீளம் வந்ததும் முழுவதையும் உருவிப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நான் அழுதே விட்டேன். அது எனக்கு ஸ்வெட்டராகப் போகிறது என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

வீட்டில் எந்த வேலைக்கு நடுவிலும் அந்த ஊசிகள் நுழைந்தன. அம்மா உலை வைத்தால் அடுப்புக்குப் பக்கத்தில் பின்னிக்கொண்டிருப்பார். சோறு பொங்கி வழிவது தெரியாது. வெங்காயம் காயப்போட்ட களத்தில் ஆடு விரட்டச் சொன்னால், ஆடு வெங்காயத் தாளைத் தின்னும், இவர் பின்னுவார். வெங்காய வாசனையும் உல்லன் நூலின் அந்துருண்டை வாசனையும் கலந்து அடிக்கும்போது எனக்குக் கண்ணில் நீர் வரும். களத்துக்கு வந்த பெண்கள் முந்தானையை வாயில் பொத்திச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில், “உங்கப்பாவுக்கு எப்ப சடங்கு?” என்று ஒருத்தி கேட்டாள். அதன் அர்த்தம் புரியாமல் அதை அப்படியே வீட்டில் வந்து கேட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா ஒரு கண்ணியை விட்டுவிட்டு, திரும்பத் தேடி எடுத்தார்.

நூல் இற்றுப் போனதும் என்னைக் கூட்டிக்கொண்டு லப்பைக்குடிக்காடு போனார். அங்கே ஒரு பாய் கடையில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் போட்டுக் கழித்த கம்பளியும் ஸ்வெட்டரும் கிடைக்கும். பாய் ஒரு மெரூன் ஸ்வெட்டரை உதறிக் காட்டினார்.

“வெளிநாட்டு சபர்லேருந்து வந்த சரக்கு, பட்டாளத்துக்காரரே. பத்து வருஷம் ஒழைக்கும். இந்த வெயில்ல யாருக்குங்க?”

“பிரிக்கறதுக்கு” என்றார் அப்பா.

“யா அல்லா! நல்லா இருக்கறதப் பிரிக்கவா வாங்கறீங்க?” பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். நூல் சேமியாபோலச் சுருண்டு சுருண்டு வந்தது. என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி அதில் சுற்றினார். கூச்சம் தாங்காமல் நான் நெளிந்தேன். அந்தப் பிற்பகலில்தான் அப்பா வந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். தொட்டிலில் இருந்த தம்பியும் எதற்கோ சிரித்தான். பைத்தியம் இப்படியா சிரிக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் அதற்குள் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் அண்ணன். பக்கத்துத் தெருதான். கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத வருஷங்களில் எங்கள் காட்டை உழுதவர் அவர். தம்பி பிறந்தபோது அம்மாவை வண்டி கட்டிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தங்கச்சி புருஷன் ஊர் வாய்க்கு அவலாகிவிட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஆம்பள செய்யற வேலையா மாப்ள இது? காடு கெடக்கு, மாடு கெடக்கு. பெத்த புள்ளைய ஒரு தடவ தூக்குனீங்களா?”

“தூக்கலாம் மச்சான்” என்றார் அப்பா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா குனிந்து ஊசியையும் நூலையும் பிடுங்கினார். பிடுங்க வேண்டியதே இல்லை. தொட்டதும் அப்பாவின் விரல்களிலிருந்து அவை தாமாக வந்துவிட்டன. மாமா விடுவிடுவென்று காட்டுக் கிணற்றுக்குப் போய் எல்லாவற்றையும் வீசினார். நூல் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்ததை எட்டிப் பார்த்தேன். அம்மா வீட்டை ஒட்டிய களத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் பார்த்தது மாமாவை அல்ல, அப்பாவை. அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தவள்போல நின்றாள். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்கழி முழுக்க அப்பா சும்மா இருந்தார். பனி இறங்கிய காலைகளில் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள், வாசற்படிக் கல்லில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குன்னத்து சைக்கிள் கடையிலிருந்து சக்கரத்துப் போக்ஸ் கம்பி இரண்டு வாங்கி வந்து முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளே மறுபடியும் பின்னல் ஆரம்பித்துவிட்டது. மாமா அதைப் பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை. அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் பேசினார். நான் விறகுக்கு அடுக்கிய பருத்திமார் கட்டுக்குப் பின்னால் இருந்தேன்.

“அரியலூருக்கு அந்தாண்ட ஒருத்தர் இருக்காரு. மந்திரிச்சு, கட்டிப்போட்டு வச்சு வைத்தியம் பாக்கறாரு. எத்தனையோ பேரு சரியாகி வந்திருக்காங்க. ஒரு மண்டலம் அங்க வுட்டுட்டு வருவோம் தங்கச்சி.”

“கட்டிப்போட்டா?”

“அவங்க நல்லதுக்குத்தான.”

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, “சரிண்ணே. நானும் வரேன்” என்றாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அப்பாவிடம் என்ன சொல்லிக் கிளப்பினார்கள் என்று தெரியாது. கோயிலுக்கு என்று சொல்லியிருக்கலாம். சலவைச் சட்டையை அம்மாவே அவருக்குப் பொத்தான் பூட்டிவிட்டாள். ஐந்து பேரும் குன்னத்தில் அரியலூர் பஸ் ஏறினோம். மாமா முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில். அப்பா நடுவில், நடைவழி ஓரத்து சீட்டில், அவர் பக்கத்தில் ஜன்னலோரமாக நான். எங்களுக்கு முன் சீட்டில் அம்மா, மடியில் தம்பி. அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் என்னவென்று சொல்வது? அவருக்குப் பைத்தியம் என்றால், சொன்னால் புரியுமா? பைத்தியம் இல்லையென்றால், ஏன் தம்பியைத் தொடவில்லை? இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எண்ணெய்க் கறை படிந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக் கல் லாரிகள் எதிரில் வர ஆரம்பித்தன. பஸ்ஸுக்குள் வெள்ளைப் புழுதி ஏறியது. அரியலூர் நெருங்குகிறது என்று அர்த்தம்.

அப்போது அம்மா திடீரென்று எழுந்தாள்.

“ஏங்க, புள்ளையப் புடிங்க. கொசுவம் அவுந்துடுச்சு.”

அப்பா மாட்டேன் என்று தலையை அசைப்பதற்குள் தம்பியை அவர் கைகளில் போட்டுவிட்டு, சீட்டுகளுக்கு நடுவில் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்திருந்தாள். புடவையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன்.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. தம்பி துள்ளுகிற வயசு. வளைந்து நிமிர்ந்தான். அப்பாவின் விரல்கள் அவன் இடுப்பில் இருந்தன. ஆனால் அவை பிடிக்கவில்லை, வைத்த இடத்தில் சும்மா இருந்தன. தம்பி அவர் மடியில் வழுக்கினான். முழங்கைகளால் அணைக்கப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

“எடு” என்றார். அம்மா நிமிரவில்லை. “எடுடி! புள்ளைய எடு! எனக்குக் கையில உணர்ச்சி இல்ல, புள்ள எங்க இருக்கான்னே எனக்குத் தெரியல, எடு!”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். அப்பா கைகளை மடியில் வைத்துப் பார்த்தபடியே விம்மினார். அதற்கு முன் ஓர் ஆண் அழுது நான் பார்த்ததில்லை. மாமா ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். “வண்டிய நிறுத்துங்க கண்டக்டர், எறங்கிக்கறோம்” என்றது அம்மாதான்.

சாலையோரம் ஒரு வேப்பமரம். இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி படிந்து வெளுத்திருந்தது. அதன் அடியில் உட்கார்ந்தோம். மாமா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தார்.

“இது தெரியுதா?”

“இல்ல.”

“இது?”

“லேசா.”

“எப்பலேருந்து மாப்ள?”

“மலை மேல இருந்தப்பவே. பனியில வெரலெல்லாம் கறுத்துப் போச்சு. வெட்டணும்னாங்க, அப்புறம் வேணாம்னு வுட்டுட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு மலையாளத்து நர்சம்மா ஊசியக் கையில குடுத்து, தெனமும் பின்னுங்க, சும்மா வச்சிராதீங்க, உசுரு வந்தாலும் வரும்னாங்க.”

“இத வூட்ல சொல்றதுக்கு என்னாங்க?” என்றாள் அம்மா.

“சொன்னா நீ சோறு ஊட்ட வந்துருவ. உனக்கு ரெண்டு புள்ள போதும், மூணாவதா நான் வேணாம்னு…”

மாமா கிள்ளிய விரலை இன்னும் விடவில்லை. “நான் ஊசியக் கெணத்துல போட்டப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“நீங்க என்னையப் பைத்தியம்னுதானே நெனச்சீங்க மச்சான். கை இல்லாதவன்னு நெனைக்கலையே.”

பைத்தியம் என்பது அதைவிட மேலானதா? எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கியதுபோல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். எதிர்ப்பக்கமாக வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினோம்.

அதற்குப் பிறகு பின்னலுக்கு எங்கள் வீட்டில் நேரம் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவள் அம்மா. உலை வைத்துச் சோறு பொங்கி வருகிற வரைக்கும் பின்னலாம்; வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சி வடிக்க அவளைக் கூப்பிட வேண்டும். களத்தில் ஆடு வராத உச்சி வெயிலில் பின்னலாம். சாயங்காலம் நான் வாய்ப்பாடு சொல்லும்போது பின்னலாம், ஆனால் நான் தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து தம்பியை அப்பாவின் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். பிடிக்க விரல் தேவையில்லை. தம்பி அப்படியே தூங்குவான். அவன் தலைக்கு மேலே சைக்கிள் கம்பிகள் ஓடும். சிரித்த பெண்கள் கொஞ்ச நாள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். லப்பைக்குடிக்காட்டுக்கு நூல் வாங்க மாமாவே போய்வந்தார். பிரிக்காமலே உல்லன் உருண்டை கிடைக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

பட்டையை இப்போது அப்பா பிரிப்பதில்லை. ரேடியோவுக்கு உறை வந்தது. மண்பானைக்குக் கழுத்துப்பட்டை வந்தது. தம்பிக்கு ஒரு குல்லாய் போட்டு, பங்குனி வெயிலில் அவன் தலையெல்லாம் வேர்க்குரு கிளம்பி, அம்மா அதை ஒளித்துவைத்தாள். எனக்கு ஸ்வெட்டர் வந்தபோது அது எனக்குச் சிறியதாகிவிட்டது. வலது கையில் மூன்று விரல்களுக்கு மெல்ல உணர்ச்சி திரும்பியது. இடது கை கடைசிவரை அரைகுறைதான். பின்னலால் வந்ததா, தானாக வந்ததா, டாக்டர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படியோ, ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக வேலை பார்த்து எங்களைப் படிக்கவைத்தார். அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் உங்களிடம் குழறாமல் சொல்லியிருப்பேன். அம்மா இப்போது பெரம்பலூரில் என்னோடு இருக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அவள் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அந்த பஸ் பேச்சை எடுத்தேன். “அன்னைக்கு உன் கொசுவம் மட்டும் அவுழாம இருந்திருந்தா?” என்றேன்.

“கொசுவம் எங்கடி அவுந்துச்சு?” என்றாள்.

நான் கையை நிறுத்தினேன்.

“அவரு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். கொதிக்கக் கொதிக்கக் காப்பியக் குடுத்தேன். டம்ளரை உள்ளங்கையில ஏந்திக்கிட்டே ஊர்க்கதை பேசறாரு. கை செவந்து போச்சு. அவருக்குத் தெரியவே இல்ல.”

“தெரிஞ்சுமா மாமா ஊசியத் தூக்கிப் போட்டப்ப சும்மா நின்ன?”

“அப்பவாச்சும் அவரு வாயால சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. அரியலூரு வந்துருச்சுன்னா அங்க கட்டிப்போட்டுருவாங்க. அதுக்குள்ள அவரு சொல்லியாவணும்ல?”

“அதுக்காகப் பச்சப் புள்ளைய அவரு கையில போட்டியா? தம்பி விழுந்திருந்தா?”

“எப்படி விழுவான்? கீழ நான் ரெண்டு கையையும் விரிச்சு வச்சிக்கிட்டுல்ல குந்தியிருந்தேன்.”

“மாமாகிட்ட நீயே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை.”

“நான் சொன்னா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுபோவும். அவரு மறைக்கணும்னு நெனச்சத நான் பாத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?”

இதைத்தான் அன்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவரது மானத்தைக் காப்பாற்ற அவரை பஸ் முழுக்கக் கேட்கும்படி அழவைத்தாள். அது அன்பா, பிடிவாதமா? சின்ன வயதில் வேலிப்பக்கம் குந்தியிருந்த எனக்கு அப்பாவைப் புரியவில்லை. இந்த வயதில் அம்மாவைப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“இதெல்லாம் உங்கப்பாகிட்ட சொல்லிடாத.”

வயதின் தடுமாற்றமா, தெரிந்தேதான் சொன்னாளா என்று அவள் கண்ணில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. “சொல்ல மாட்டேம்மா” என்றேன்.